இரண்டாவது தோட்டா

பக்கத்துப் பண்ணையில் மாடுகளைச் சுட்ட காலையில், பார்க்க வேண்டாம் என்று மாட்டு டாக்டர் சொல்லியும் கேட்காமல், பால்காரம்மா வைக்கோல் கொட்டகை ஏணியின் மேல்படியில் ஏறி நின்றாள். நோய் வந்தது அந்தப் பண்ணைக்குத்தான். வாயும் குளம்பும் புண்ணாகி, எச்சில் நூல் நூலாகத் தொங்க, மாடுகள் ஒன்றன்பின் ஒன்றாகப் படுத்தன. ஒன்றைக்கூட விடக்கூடாது என்று உத்தரவு வந்தது. கூலிக்குச் சுட ஒரு ஆளையும் அனுப்பினார்கள்.

அவன் முதல் மாட்டை ஒழுங்காகத்தான் வீழ்த்தினான். அடுத்தது ஒரு கிடேரி. அது கடைசி நொடியில் தலையைத் திருப்பியது. தோட்டா தாடையில் பட்டது. இன்னொரு தோட்டாவை ஏற்ற அவன் துப்பாக்கியின் போல்ட்டை இழுத்தான். அது பாதியில் நின்றுகொண்டது. துப்பாக்கியை முழங்காலில் வைத்து உள்ளங்கையால் குத்தினான். கெட்ட வார்த்தையில் திட்டினான். அந்த நேரமெல்லாம் கிடேரி தொங்கும் தாடையோடு களத்தைச் சுற்றி ஓடியது. அதன் சத்தம் கேட்டு மற்றவை மிரண்டு வேலியில் மோதின. அதற்குப் பிறகு நடந்ததை மாடு சுடுவது என்று சொல்ல முடியாது. ஓட ஓட விரட்டிச் சுட்டார்கள்.

பால்காரம்மா இறங்கி வந்து, தன் மாடுகளுக்குத் தண்ணீர் காட்டினாள். வாளியில் பாதி தரையில் போயிற்று.

மதியம் டாக்டர் அவள் வீட்டுக்கு வந்தார். முப்பது வயதைத் தாண்டாத பெண். இரண்டு வாரமாகச் சரியான தூக்கம் இல்லாமல் கண் உள்ளே போயிருந்தது. சொல்ல வந்ததை நின்றபடியே சொன்னார்.

"உங்க மாட்டுக்கு இன்னும் எதுவும் தெரியலைம்மா. ஆனா ரெண்டு பண்ணைக்கும் ஒரே வேலி. விதிப்படி விட முடியாது."

"ரத்தம் எடுத்துட்டுப் போனீங்களே?"

"ரிசல்ட் வர நாளாகும். அதுவரைக்கும் காத்திருந்து, பரவிடுச்சுன்னா அப்புறம் ஊரே போயிடும்."

"ஊசி போட முடியாதா? தூங்குற மாதிரி போயிடுமே."

"மருந்து தீர்ந்துபோச்சு. எப்ப வரும்னு யாருக்கும் தெரியல."

பால்காரம்மா மேலே எதுவும் வாதாடவில்லை. ஒன்றே ஒன்று கேட்டாள். "சுட வர்றது அந்த ஆளா?"

டாக்டர் தன் ரப்பர் காலணியைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதுவே பதிலாகப் போயிற்று.

"அவன் என் கொட்டகைக்குள்ள காலெடுத்து வைக்கக்கூடாது. வீட்டுக்காரர் வாங்கின துப்பாக்கி இருக்கு. லைசென்ஸ் இப்ப என் பேர்ல இருக்கு. நானே செய்யுறேன்."

"உங்களால முடியுமாம்மா?"

"முடியாதுதான். அதுக்காக அவன்கிட்ட விட முடியுமா?"

டாக்டர் யோசித்தார். பிறகு, தான் பக்கத்தில் நின்று இடம் காட்டுவதாகச் சொன்னார். ஆனால் வியாழக்கிழமை பலகையில் அடுத்தடுத்துச் சுட்டுக் காட்ட வேண்டும். "உங்க துப்பாக்கியும் நடுவுல சிக்குச்சுன்னா, மன்னிச்சுக்குங்க, நான் ஒத்துக்க மாட்டேன். இன்னொரு தடவை அந்தக் கிடேரியை என்னால பார்க்க முடியாது."

அவர் போனதும் பால்காரம்மா அலமாரியிலிருந்து துப்பாக்கியை எடுத்தாள். மூன்று வருடம் முன்பு மாரடைப்பில் போன கணவர், காட்டுப்பன்றி விரட்ட வாங்கியது. இருப்பதிலேயே விலை குறைந்த ரகம். போல்ட்டைத் தூக்க முரட்டுத்தனமான கை வேண்டும். இழுத்தால் உள்ளே மணல் அரைபடுவதுபோல் சத்தம். தள்ளினால் முக்கால்வாசி போய்க் கோணிக்கொண்டு நிற்கும். பன்றிகளுக்கு ஒரு வெடியே போதும் என்பதால் இரண்டாவது தோட்டாவைப் பற்றி அந்த வீட்டில் யாரும் கவலைப்பட்டதில்லை. அவள் பத்துத் தடவை இழுத்துத் தள்ளிப் பார்த்தாள். நான்கு தடவை சிக்கியது.

அவள் தம்பிக்குப் போன் செய்தாள்.

தம்பி நகரத்தில் பம்புசெட் பழுதுபார்க்கும் பட்டறையில் ஃபிட்டர். அக்காவும் தம்பியும் பேசி இரண்டு வருடம் ஆகிறது. மாமா போன பிறகு, ஒண்டியாக இருந்துகொண்டு இத்தனை மாட்டோடு மாரடிக்க வேண்டாம், விற்றுவிட்டு எங்களோடு வந்துவிடு என்று அவன் சொன்னான். "மாட்டை வித்துட்டு உன் வீட்டு மூலையில உக்காந்து உன் பொண்டாட்டிக்கு வெங்காயம் உரிக்கவா?" என்று இவள் கேட்டாள். அந்தப் பொண்டாட்டி பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அதோடு போக்குவரத்து நின்றது.

"நான்தான்" என்றாள்.

"தெரியுது. சொல்லு."

அவள் சொன்னாள். கிடேரியைப் பற்றியும் சொன்னாள். கடைசியில், "போல்ட்டைத் தூக்கும்போது கனமா இருக்கா, இழுக்கும்போது பிடிக்குதா?" என்று மட்டும் கேட்டான்.

"ரெண்டும்."

"நாளைக்குக் காலையில வர்றேன். அதுவரைக்கும் அதைப் போட்டு இழுக்காத."

மறுநாள் பண்ணை வாசலில் கிருமி போக மிதிக்கப் போட்டிருந்த, சுண்ணாம்பு நீர் தோய்த்த சாக்குக்கு இந்தப் பக்கம் காவலுக்கு நின்ற ஆள், உள்ளே போனால் பண்ணைக்குப் போட்ட நோய்த் தடை நீங்கும்வரை வெளியே விடமாட்டோம் என்று ஃபிட்டரை எச்சரித்தான். ஃபிட்டர் மனைவிக்குப் போன் போட்டுச் சொன்னான். அவள் குரல் காவல்காரனுக்கே கேட்டது. "உள்ளே போறதுக்கு முன்னாடி கேக்குறீங்களா, போன பிறகு சொல்றீங்களா? சரி, அவங்க சாப்பிட மாட்டாங்க, பக்கத்துல உக்காந்து சாப்பிட வைங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க." ஃபிட்டர் சாக்கில் காலை மிதித்து, கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உள்ளே போனான்.

அக்கா வாசலில் நின்றிருந்தாள். முடி முழுக்க வெளுத்திருந்தது. "இளைச்சிட்ட" என்றாள். "நீ கொழுத்திட்டியா?" என்றான் அவன். இரண்டு வருடச் சண்டை அதோடு தீர்ந்தது.

சமையலறை மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து, அவன் துப்பாக்கியில் தோட்டா இல்லை என்பதை இரண்டு முறை பார்த்துவிட்டு, போல்ட்டை உருவினான். விரலால் தடவினான். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தான்.

"மாமா இதை எங்க பிடிச்சார்?"

"தள்ளுபடியில."

"அதானே பார்த்தேன். ஆனையை வாங்கிட்டு அங்குசத்துல மிச்சம் பிடிச்சிருக்கார். கடையிலிருந்து வந்த கிரீஸைக்கூடத் துடைக்கல. அதுலயே அஞ்சு வருசத் தூசி ஏறி, களிம்பா உக்காந்திருக்கு."

அவள் உதட்டோரம் அசைந்தது. "அவரு எதையும் பிரிக்க மாட்டாரு. பிரிச்சா பிரிச்சதுதான், திரும்பச் சேராது."

அவன் எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பல் துலக்கும் பழைய பிரஷ்ஷால் தேய்த்தான். கறுப்பாக இறங்கியது. துடைத்து மாட்டி இழுத்துப் பார்த்தான். மணல் சத்தம் பாதி குறைந்திருந்தது. மீதிப் பாதி இரும்பிலேயே இருந்தது.

"இரும்பு நல்ல இரும்புதான்க்கா. கடைசிக் கை வேலையைத்தான் விட்டிருக்கான். விலையைக் குறைக்கணும்னா எங்கயாவது கையை நிறுத்தணும் இல்ல? கடைஞ்ச கோடு அப்படியே இருக்கு, ஓரத்துல பிசிறு அப்படியே இருக்கு. அது ரெண்டும் ஒண்ணை ஒண்ணு கடிக்குது."

கறுப்பு மார்க்கரை எடுத்து போல்ட் முழுவதும் மை பூசினான். காய்ந்ததும் உள்ளே விட்டு நாலு தடவை இழுத்துத் தள்ளி வெளியே எடுத்தான். எங்கெங்கே உரசுகிறதோ அங்கெல்லாம் மை அழிந்து இரும்பு பளிச்சென்று தெரிந்தது. அடிப்பக்கம் நீளமாக ஒரு கோடு, வால்பக்கம் விரல்நகம் அளவுக்கு ஒரு திட்டு. பிசிறை எண்ணெய் தடவிய சிறு சாணைக்கல்லால் எடுத்தான். பிறகு மிக மெல்லிய உப்புத்தாளை ஒரு குச்சியில் சுற்றி, எண்ணெயில் நனைத்து, அந்தக் கோட்டில் மட்டும் தடவினான்.

"நானும் செய்யுறேன், குடு. சும்மா உக்கார முடியல" என்றாள் அக்கா.

"இரும்பைத் திங்கக்கூடாது. மேட்டை மட்டும் தடவிக் குடுக்கணும். தடவு, துடை, மை போடு, மாட்டிப் பாரு. அவ்வளவுதான். முன்னால இருக்கு பாரு ரெண்டு காது, அது பக்கமே போகாத. வெடிக்கும்போது மொத்த அடியையும் தாங்கிப் பூட்டி நிக்கிறது அதுதான். விசையும் அப்படித்தான், அது எப்படி இருக்கோ அப்படியே இருக்கட்டும்."

அவள் கை வருடக்கணக்கில் பால் கறந்த கை. எவ்வளவு அழுத்தினால் போதும் என்று அதற்குத் தெரிந்திருந்தது. அவன் தோட்டா குழலுக்குள் ஏறும் சரிவை மெருகேற்றினான். அவள் போல்ட்டின் அடிக்கோட்டைத் தடவினாள். ஜன்னலுக்கு வெளியே மாடுகள் மேய்ச்சலுக்கு அவிழ்த்துவிடாததால் கத்திக்கொண்டிருந்தன. இரண்டு பேரும் ஜன்னல் பக்கம் பார்க்கவில்லை.

மதியத்துக்கு மேல் அவன் காலித் தோட்டாக் கூடுகளில் மரக்கட்டையைச் செதுக்கிச் செருகிப் பொய்த் தோட்டாக்கள் செய்தான். ஏற்றவும் இறக்கவும் அவைதான் இனி. "இனிமே இது உன் வேலை" என்று துப்பாக்கியை அவளிடம் கொடுத்தான். "நான் எவ்வளவு தேய்ச்சாலும் கடைசி மெருகு ஓட்டத்துலதான் வரும். இழுத்துக்கிட்டே இரு. தோள்ல வெச்சபடியே இழு. இறக்காத. இறக்கினா மாடு தலையைத் தூக்கும்."

அவள் சுவரைப் பார்த்து நின்று இழுத்தாள். தூக்கு, இழு, தள்ளு, மடக்கு. பொய்த் தோட்டாக்கள் தரையில் விழுந்து உருண்டன. அவன் குனிந்து பொறுக்கிக் கொடுத்தான். தோள் வலித்தபோது உட்கார்ந்து மடியில் வைத்து இழுத்தாள். அவன் சாப்பிடச் சொன்னபோது ஒரு துண்டு ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டு இழுத்தாள்.

"முதல்ல எதை?" என்று அவன் ஒரு சமயம் கேட்டான். கேட்டிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது. ஆனால் அவள் யோசித்து வைத்திருந்தாள்.

"பெரியவளை. கறவைக்கும் அவதான் முதல்ல வருவா. அவ போனாத்தான் மத்ததுங்க சந்தேகப்படாம பின்னால வரும். அப்புறம் கோணக்கொம்பு. சண்டைக்காரியை நடுவுல விடணும், கடைசி வரைக்கும் வெச்சிருந்தா எல்லாத்தையும் கிளப்பிவிட்டுடுவா. கன்னுங்க..." அங்கே நிறுத்தினாள். தூக்கு, இழு, தள்ளு, மடக்கு. "கன்னுங்க கடைசியில."

மறுநாள் மாலைக்குள் போல்ட்டின் குரல் மாறிவிட்டது. முன்பு கரகரத்தது இப்போது எண்ணெயில் நனைந்த பட்டுபோல் போய்வந்தது. முன்னால் சாய்த்தால் போல்ட் தானாக இறங்கிப் போய் வாய்ப்பக்கம் நின்றது. விலையுயர்ந்த துப்பாக்கிகளில்தான் அப்படி இருக்கும் என்று ஃபிட்டர் கேள்விப்பட்டிருந்தான். மறுபடி மறுபடி சாய்த்துப் பார்த்தான். அவன் முகத்தில் சிரிப்பு வந்ததை அக்கா பார்த்தாள். அவள் பார்ப்பதை அவன் பார்த்தான். துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டுக் கை கழுவப் போனான்.

வியாழக்கிழமை டாக்டர் வந்து பலகையில் சுடச் சொன்னார். ஐந்து தோட்டாக்களை அவள் தோளிலிருந்து இறக்காமல் சுட்டாள். ஐந்தும் ஒரு உள்ளங்கைக்குள் அடங்கின. டாக்டர் பலகையைப் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். "நாளைக்குக் காலையில, கறவை நேரத்துக்கு" என்றார். "அதுங்களுக்குப் பழகின நேரமாவே இருக்கட்டும்."

வெள்ளிக்கிழமை விடிந்து வெளிச்சம் நன்றாக வந்த பிறகு தொடங்கினார்கள். கொட்டகைக்குப் பின்னால் பொக்லைன் பள்ளம் தோண்டி முடித்து ஓய்ந்திருந்தது. வெள்ளை உடுப்புப் போட்ட இரண்டு ஆட்கள் டிராக்டரோடு மறைவில் நின்றார்கள். ஃபிட்டர் ஒவ்வொரு மாடாகக் கயிற்றைப் பிடித்துக் கறவைத் தடுப்புக்குள் கொண்டுவர வேண்டும். தொட்டியில் தீவனம் நிரம்பியிருந்தது. டாக்டர் மாட்டின் நெற்றியில் சாக்பீஸால் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு கோடு இழுப்பார். கோடுகள் சேரும் இடம்தான் இடம்.

பெரியவள் வழக்கம்போல் தானாகவே உள்ளே வந்து தீவனத்தில் வாயை வைத்தாள். வருவதற்கு முன் பால்காரம்மாவின் கையை ஒருமுறை நக்கினாள். பால்காரம்மா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, துப்பாக்கியைத் தூக்கினாள். வெடித்தது. நான்கு காலும் ஒரே சமயம் மடிந்தன. தீவனம் வாயில் இருக்கவே போய்விட்டாள்.

போல்ட் போய்வந்தது. காலிக் கூடு சிமெண்டுத் தரையில் விழுந்து மணிபோல் ஒலித்தது. டிராக்டர் வந்து இழுத்துப் போனது. தரையைக் கழுவினார்கள். தீவனத்தை மாற்றினார்கள். ஃபிட்டர் கோணக்கொம்பைக் கொண்டுவந்தான்.

சண்டைக்காரிக்கு முன்னால்வரை ஒவ்வொன்றுக்கும் ஒரு தோட்டாவே போதுமானதாக இருந்தது. சண்டைக்காரி உள்ளே வரும்போதே தரையை மோந்தாள். கழுவிய தரையிலும் அவளுக்கு வாடை தெரிந்தது. டாக்டர் கோடு போட்டுக் கையை எடுத்ததும் ஈயை விரட்டுவதுபோல் தலையை உதறினாள். அந்த நொடியில் விசை இழுபட்டுவிட்டது. தோட்டா கண்ணுக்குக் கீழே போயிற்று. சண்டைக்காரி முன்னங்காலைத் தூக்கி, கத்துவதற்காக வாயைத் திறந்தாள்.

கத்தவில்லை. அதற்குள் இரண்டாவது தோட்டா விழுந்துவிட்டது. பால்காரம்மாவுக்கே தான் எப்போது போல்ட்டை இழுத்தோம், எப்போது தள்ளினோம் என்று தெரியவில்லை. கை தானாகச் செய்திருந்தது. வாசலுக்கு வெளியே காத்திருந்த மாடுகள் ஒன்றுகூடத் தலை நிமிரவில்லை. டாக்டர் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீளமாக மூச்சு விட்டார். "நல்லது" என்றார். பிறகு அந்தச் சொல் அங்கே பொருந்தவில்லை என்று அவருக்கே பட்டதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஃபிட்டருக்கு வெடிச் சத்தம் பழகிவிட்டது. பழகாதது அதற்குப் பின்னால் வரும் அந்தச் சின்னச் சத்தம்தான். வழுக்கிக்கொண்டு போய் வழுக்கிக்கொண்டு வரும் சத்தம். தன் கையால் செய்த வேலையில் இதைவிடச் சுத்தமானது ஒன்றும் இல்லை என்று அவனுக்குத் தெரியும். ஒவ்வொரு தடவையும் பல்லைக் கடித்துக்கொண்டான்.

கன்றுகள் தடுப்புக்குள் நிற்கவில்லை. உயரம் போதவில்லை. அவற்றை விரலைச் சப்ப வைத்துத்தான் நிறுத்த வேண்டியிருந்தது. பால்காரம்மாவால் இடது கைவிரலைக் கன்றின் வாயில் கொடுத்துக்கொண்டு ஒரு கையால் துப்பாக்கியைப் பிடிக்க முடியாது. ஃபிட்டர் தன் விரலைக் கொடுத்தான். அதைப் பற்றி அவர்கள் இருவரும் பிறகு ஒருபோதும் பேசிக்கொள்ளவில்லை.

வெயில் சூடேறுவதற்குள் எல்லாம் முடிந்தது. பக்கத்துப் பண்ணையில் நாள் முழுக்க இழுத்தது நினைவிருந்த ஆட்கள், இவ்வளவு சீக்கிரமா என்று வியந்தார்கள். ஒருவன் பால்காரம்மாவிடம் வந்து, "ஒண்ணுகூட அவதிப்படலைம்மா" என்று மரியாதையாகச் சொன்னான். அவள் தலையாட்டினாள்.

சமையலறைக்கு வந்து உட்கார்ந்த பிறகுதான் தம்பியிடம் பேசினாள்.

"ரொம்ப நல்லா செஞ்சிட்டடா. இழுக்கிறதே தெரியல. அது சிக்கியிருந்தா திட்டியிருப்பேன், குத்தியிருப்பேன், அழுதிருப்பேன். மல்லுக்கட்ட ஒண்ணுமே இல்லாம போச்சு. இருபது உசிரு, ஒரு ரொட்டி சாப்பிடுற மாதிரி முடிஞ்சிடுச்சு."

"அதுங்களுக்குத் தெரியலக்கா" என்றான்.

"அதுங்களுக்குத் தெரியல" என்று அவளும் சொன்னாள்.

தடை நீங்கும்வரை இருவரும் அந்த வீட்டிலேயே அடைந்து கிடந்தார்கள். அவன் கூரையில் ஒழுகும் இடங்களை அடைத்தான், தண்ணீர்க் குழாயை மாற்றினான், மாற்றத் தேவையில்லாததையும் மாற்றினான். அவள் கறவை நேரத்துக்கு எழுந்து, பாத்திரம் கழுவி, கழுவிய பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பாள். அவன் போய் வாங்கி வைப்பான். பேச்சு குறைந்தது. அவள் சாப்பிட மறுக்கவில்லை. மறுத்திருந்தால்கூட அவனுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். சொன்னதையெல்லாம் சொன்னபடி செய்தாள், பள்ளிக்கூடத்துப் பிள்ளைபோல.

மூன்றாவது வாரம் டாக்டர் வந்தார். தடை நீங்கிய செய்தியைக் காவல்காரனே சொல்லியிருக்கலாம். அவர் தானே வந்தார். உள்ளே வரச் சொல்லியும் வாசலிலேயே நின்றார்.

"ரத்த ரிசல்ட் வந்திருக்கும்மா."

பால்காரம்மா கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"உங்க மாட்டுக்கு நோய் இல்ல."

"எந்த மாட்டுக்கு இல்ல?"

"எதுக்குமே இல்லம்மா. ஒண்ணுக்குக்கூட."

ஃபிட்டர் உள்ளிருந்து ஓடிவந்தான். "இதைச் சொல்லவா வந்தீங்க? இதைச் சொல்லி எங்களுக்கு என்ன ஆகப்போகுது? ஒரு வாரம், ரெண்டு வாரம் பொறுத்திருந்தா என்ன குடி முழுகிப் போயிருக்கும்?" என்று கத்தினான். டாக்டரின் கண்ணில் நீர் நின்றது. அதைத் துடைக்கவும் அவர் கையைத் தூக்கவில்லை.

"தெரியாம போச்சும்மா" என்றார் பால்காரம்மாவிடம். "தெரிஞ்சிருந்தா நானே கேட்டுல நின்னு தடுத்திருப்பேன். மறைச்சு வெச்சா உங்களுக்குத் துரோகம்னு தோணுச்சு."

பால்காரம்மா கதவில் கையை வைத்தாள்.

"உங்க மேல கோவம் இல்ல. நேர்ல வந்து சொன்னீங்க, அதுவே பெரிசு. ஆனா இனிமே இந்தப் பக்கம் வராதீங்க. உங்க முகத்தைப் பார்த்தா எனக்கு நீங்க போட்ட சாக்பீஸ் கோடுதான் தெரியுது."

கதவைச் சாத்தினாள். பலமாக அல்ல, மெல்லத்தான் சாத்தினாள். பிறகு சமையலறைக்குப் போய், நாற்காலியை இழுத்துப் போட்டு, தம்பியை எதிரில் உட்காரச் சொன்னாள்.

"போல்ட் எங்கடா?"

அவன் திடுக்கிட்டான். சுட்டு முடித்த அன்றே, துப்பாக்கியைத் துடைத்து வைக்கிறேன் என்று வாங்கி, போல்ட்டை உருவித் தன் கருவிப்பையின் அடியில் துணியில் சுற்றி வைத்திருந்தான். வெறும் துப்பாக்கியைத்தான் அலமாரியில் வைத்துப் பூட்டினான்.

"துருப்பிடிக்கும்னு எண்ணெயில ஊறப்போட்டிருக்கேன்."

"பொய் சொல்லவும் ஒரு மூஞ்சி வேணும்டா. உனக்கு அது சின்ன வயசுலயே கிடையாது. எதுக்கு எடுத்த?"

அவன் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். "பூட்டின அலமாரியில போல்ட் இல்லன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை எடுத்து மேசையில் வைத்தாள்.

"எப்பக்கா போய்ப் பார்த்த?"

"அன்னைக்கே" என்றாள். "நீ குளிக்கப் போனப்ப. தூக்கும்போதே எடை குறைவா இருந்துச்சு. உக்காந்து சிரிச்சேன். அப்புறம் நேத்தும் போய்ப் பார்த்தேன், ஒருவேளை திரும்ப மாட்டி வெச்சிருப்பியோன்னு."

அழக்கூடாது என்று நினைத்தான், முடியவில்லை. மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு சத்தமாக அழுதான். அவள் எழுந்து வந்து அவன் பின்னந்தலையில் கையை வைத்தாள்.

"அழாத. கேக்கணும்னுதான் உக்கார வெச்சேன். இந்த வீட்டுல ஒண்டியா இருந்தா நான் இருக்க மாட்டேன்டா. அதை நீயே தெரிஞ்சுக்கிட்ட, ஆனாலும் நான் வாய்விட்டுச் சொல்லணும். சொல்லிட்டேன். என்னைக் கூட்டிட்டுப் போ."

மறுநாள் காலை, இரண்டு பெட்டியும் ஒரு கருவிப்பையுமாகக் கிளம்பினார்கள். துப்பாக்கியை லைசென்ஸோடு காவல் நிலையத்தில் ஒப்படைப்பதென்று அக்கா முடிவு செய்திருந்தாள். நிலையத்தில் எழுத்து வேலை பார்த்த ஏட்டு, துப்பாக்கியையும் தனியாகத் துணியில் இருந்த போல்ட்டையும் வாங்கி, ஒன்றில் ஒன்றை மாட்டினார். பழக்கத்தில் இழுத்துப் பார்த்தார். நிமிர்ந்தார். மறுபடி இழுத்தார்.

"இதே ரகம் எங்ககிட்டயும் ரெண்டு கிடக்கு. ரெண்டும் சண்டி மாடு. இது என்ன இப்படிப் போகுது?" பக்கத்து மேசைக்காரரைக் கூப்பிட்டார். அவரும் இழுத்துப் பார்த்தார். "இந்த விலைக்கு இப்படி ஒரு போல்ட்டா? யாரும்மா செஞ்சது?"

"என் தம்பி."

"அடேயப்பா! கைக்குத் தங்கக் காப்புதான் போடணும்" என்று ஏட்டு சிரித்து, இன்னும் ஒருமுறை இழுத்தார். இன்னும் ஒருமுறை.

"போதும், வைங்க" என்றாள் பால்காரம்மா.

அவள் குரலில் இருந்தது என்னவென்று ஏட்டுக்குப் புரியவில்லை. ஆனாலும் உடனே வைத்துவிட்டார். கையெழுத்து வாங்கிக்கொண்டு, ரசீதைக் கொடுத்து, தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். அவர்கள் வேண்டாம் என்று வெளியே வந்தார்கள்.

பேருந்து நிறுத்தம் எதிரிலேயே இருந்தது. கடைகள் திறந்துகொண்டிருந்தன. ஒரு பெண் நடைபாதையைக் கூட்டிக்கொண்டிருந்தாள். பால்காரம்மா பெட்டியைக் கீழே வைத்தாள். அதன்மேல் உட்கார்ந்தாள். மூன்று வாரமாக வராதது அங்கே வந்தது. ஒவ்வொன்றின் பெயரையும் சொல்லிச் சொல்லி அழுதாள். பெரியவளே, கோணக்கொம்பே, சண்டைக்காரி, என் கண்ணுங்களா. தெருவில் போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஃபிட்டர் அவளுக்கும் தெருவுக்கும் நடுவில் போய், கருவிப்பையை மார்போடு அணைத்துக்கொண்டு, சுவர்போல நின்றான்.

பேருந்து வந்தது. நடத்துநர் எட்டிப் பார்த்து, ஏறுகிறீர்களா என்று கேட்டார். ஃபிட்டர் இல்லை என்று தலையாட்டினான். அரைமணி கழித்து அடுத்தது வந்தது. அதையும் விட்டார்கள்.